பங்கு ஏறுவதற்குக் காரணம் வேறு

"அமெரிக்காவில் எங்கே துப்பாக்கிப் படுகொலை நடந்தாலும் மறுநாளே துப்பாக்கி நிறுவனப் பங்குகள் ஏறிவிடும்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு விதி கிடையாது. 2017 அக்டோபர் 1 லாஸ் வேகாஸ் படுகொலைக்கு மறுநாள் ஏறியது உண்மை. ஆனால் 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்டபின் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பங்கு முதல் சில நாட்களில் சரிந்தது. கொலையாளியின் துப்பாக்கியைத் தயாரித்த புஷ்மாஸ்டர் நிறுவனத்தின் உரிமையாளரான செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம், துப்பாக்கித் தொழிலையே விற்றுவிடப் போவதாக அறிவித்தது.

பங்கை ஏற்றுவது பெரும்பாலும் சட்டம் வருமோ என்ற அச்சம். தடை வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் கடைக்கு ஓடுகிறார்கள். ஒபாமா கட்டுப்பாடு பற்றிப் பேசிய அந்த டிசம்பரில் துப்பாக்கி வாங்க வருவோர்மீது எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு நடத்தும் பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. (ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று பொருளில்லை, இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) இவ்வளவுக்கும் அந்தச் சோதனைகளை விரிவாக்கும் மசோதாத் திருத்தம் 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்கு பெற்றும் தேவையான 60 கிடைக்காமல் விழுந்தது.

இன்னும் தெளிவான சான்று 2016 நவம்பர். அதிபர் தேர்தலில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்த ஹிலாரி தோற்று டிரம்ப் வென்ற மறுநாள், எந்தப் படுகொலையும் தூண்டாமலேயே, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஸ்டர்ம் ரூகர் இரண்டின் பங்குகளும் 10 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தன. அவசரமாக வாங்கக் காரணம் போய்விட்டது, அவ்வளவுதான்.