கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்

சித்தப்பா இறந்து இருபது நாள்கூட ஆகியிருக்காது. அவருடைய தம்பி டைப் செய்த நாலு பக்கத்தோடு வந்து சித்தி முன்னால் வைத்தார். "எல்லாம் ஃபார்மாலிட்டிதான் அண்ணி, போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா மத்த வேலையை நான் பார்த்துக்கறேன்." சித்தி பேனாவை வாங்கிவிட்டார். அழுது வீங்கிய கண்ணுக்கு எழுத்தே தெரிந்திருக்காது. நாளைக்குப் போடலாமே என்று நான்தான் தாளை வாங்கி வைத்தேன்.

மறுநாள் அவரை ஒரு சின்ன வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வக்கீல்கள், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் ஆபீஸ். படி ஏறும்வரை சித்தி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "வக்கீல்கிட்ட போனேன்னு தெரிஞ்சா குடும்பமே என்னை ஒதுக்கிடும்." அந்த வக்கீலம்மா முதலில் தாளைத் தொடவே இல்லை. பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் குடும்பத்தை வரைந்தார். யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, சொத்து யார் பெயரில், கடன் யார் பெயரில். அதற்கப்புறம் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, தாளைச் சித்தி பக்கம் திருப்பினார். சகல உரிமைகளையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று இருந்தது. "இதைத்தான் சொல்ல நினைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

சித்தி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "இல்லை" என்றார்.

வழக்கு எதுவும் போடவில்லை. வக்கீல் ஒரு கடிதம் எழுதினார், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள், வேறு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கோர்ட் வாசலையே மிதிக்கவில்லை. சித்தப்பாவின் தம்பி இன்றும் வீட்டுக்கு வந்து போகிறார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வக்கீலிடம் போனாலே உறவு முறிந்துவிடும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் போவதில்லை. நான் பார்த்தவரை, புரியாமல் போட்ட கையெழுத்துதான் பிற்பாடு உறவை முறிக்கிறது.

சட்டம் எல்லாருக்கும் பொதுதானே, நாமே பார்த்துக்கொள்ள முடியாதா என்று சிலர் கேட்பார்கள். இதே கேள்வி ஒரு பெரிய வழக்கிலேயே வந்திருக்கிறது. அயர்லாந்தில் ஏரி என்ற பெண், அடிக்கிற கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ விரும்பினார். உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீல் வைக்கக் கையில் பணமில்லை. இதை எதிர்த்து அவர் அயர்லாந்து அரசு மேல் போட்ட வழக்கில், அவரே நேரில் வாதாடியிருக்கலாமே என்றது அரசு. 1972 முதல் 1978 வரை அந்த நாட்டில் அப்படித் தொடரப்பட்ட 255 வழக்குகளில் ஒன்றில்கூட மனுதாரர் வக்கீல் இல்லாமல் வரவில்லை. உரிமை என்பது ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையில் பயன்பட வேண்டும் என்று 1979 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிவில் வழக்குகளுக்கான அரசு சட்ட உதவித் திட்டம் அந்த நாட்டில் அதன் பிறகுதான் வந்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சித்தியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. கூட நடக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, உயில், வேலையை விட்டு நீக்கிய கடிதம் எல்லாமே இப்படித்தான். உயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பெறப்போகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பல நாடுகளின் சட்டப்படி அவருக்கு எழுதிய பங்கே செல்லாமல் போகும். இங்கிலாந்தில் 1837-ஆம் வருடச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பாசமாகப் பக்கத்தில் இருந்த பிள்ளையைச் சாட்சியாகப் போட்டுவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தால், யாரைக் குறை சொல்வது? அதேபோல, ஒருவர் கொடுத்த பவர் பத்திரம் பொதுவாக அவர் இறந்ததுமே முடிந்துவிடும். அது தெரியாமல் அதை வைத்துக்கொண்டு அலைபவர்கள் உண்டு. காலக்கெடு வேறு இருக்கிறது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், கெடு தாண்டிவிட்டால் பொதுவாக வழக்கையே எடுக்க மாட்டார்கள்.

போகும்போது கடிதம், ரசீது, மெசேஜ் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது அவர் கடமை. ஃபீஸ் எவ்வளவு, எதெதற்கு என்பதைக் கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்குங்கள். கணவன் மனைவி தகராறில் இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி பல நாடுகளில் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் மேஜையில் அப்படி ஒரு தாள் கிடந்தால், "படிச்சுட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.