உடம்பு பழகிக்கொள்ளுமாம்

அந்தக் காணொளியை நான் மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. இந்த ஒரு வாரத்தில் அதைப் பார்க்காதவர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்க மாட்டீர்கள். "ஃப்ளூ வந்தால் வரட்டும், நாலு நாள் படுத்து எழுந்தால் உடம்பு பழகிக்கொள்ளும், எதிர்ப்பு சக்தி தானாக ஏறிவிடும்" என்று அந்த மனிதர் சிரித்த முகத்தோடு சொல்கிறார். அதன் கீழே மரியாதையாக நான்கு வரி எழுதினேன். எனக்குக் கிடைத்த பட்டம் 'ஊசிக் கம்பெனி ஏஜென்ட்'. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தத் தொடங்கி 14 வருடம் ஆகிறது. எந்தக் கம்பெனியும் இதுவரை ஒரு டைரிகூடக் கொடுத்ததில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஃப்ளூவைக் கொண்டுவரும் இன்ஃபுளூயன்சா வைரஸ் நம் உடம்புக்குப் பாடம் நடத்த வருவதில்லை. உள்ளே நுழைந்ததும் அது செய்யும் முதல் வேலையே எச்சரிக்கை மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வதுதான்.

வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்புகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இதைக் கண்டறிந்தபோது பயன்படுத்தியது, சூடாக்கிச் செயலிழக்க வைத்த இதே ஃப்ளூ வைரஸைத்தான். செத்த வைரஸ் மணியை நன்றாக அடிக்க வைத்தது. உயிருள்ள வைரஸ் அவ்வளவு எளிதில் விடாது. அதன் மரபுச் செய்தியைச் சுமக்கும் 8 ஆர்.என்.ஏ. துண்டுகளில் ஆகச் சிறியதிலிருந்து என்.எஸ்.1 என்றொரு புரதம் உருவாகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ரிக்-ஐ என்ற நம் செல்லின் காவலாளிப் புரதத்தை இது எழவிடாமல் அமுக்குகிறது. அதையும் மீறி உட்கருவில் இன்டர்ஃபெரானுக்கான செய்தி எழுதப்பட்டால், அது முழுமையடைந்து வெளியே வராதபடி அங்கேயும் மறித்து நிற்கிறது. 1998-இல் நியூயார்க்கில் என்.எஸ்.1 மரபணுவை நீக்கிய வைரஸை உருவாக்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகள் நோயில்லாமல் இருந்தன. இன்டர்ஃபெரானின் சொல்லைக் கேட்கும் வழி அடைபட்ட எலிகள் செத்துப்போயின. இதைவிடத் தெளிவாக ஒரு வைரஸிடம் வாக்குமூலம் வாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

"காய்ச்சலே உடம்பின் தற்காப்புதானே?" என்பார்கள். ஆமாம். "ஒருமுறை வந்தால் நினைவு எதிர்ப்பாற்றல் உண்டாகாதா?" உண்டாகும், வந்து போன அந்த வகைக்கு. ஆனால் வைரஸ் தன் மேலுறைப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. "ஊசி போட்டவருக்கும் வருகிறதே?" வரலாம், பெரும்பாலும் தீவிரம் குறைகிறது. கசாயம் குடிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை, தாராளமாகக் குடிக்கட்டும்.

"நம் முன்னோர்கள் ஊசி போட்டுக்கொண்டா வாழ்ந்தார்கள்?" என்ற கேள்விக்குத்தான் எனக்கு வாய் கசக்கிறது. 1918-இல் அந்த முன்னோர்களில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்தியாவில் மட்டும் ஃப்ளூவில் போனார்கள். அன்று இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை, 58 பேருடையதை, அமெரிக்காவில் மறுபடி ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை உரித்துப் போடுகிறது, சளியை மேலே தள்ளும் மயிரிழைகள் உதிர்கின்றன, நுரையீரல் காற்றறைகளில் கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகின்றன. அதுவரை மூக்கில் சாதுவாகக் குடியிருந்த நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்த நேரத்தில் கீழே இறங்குகிறது. எதிர்ப்பு சக்தி ஏறுவதாக நீங்கள் சொல்லும் அந்த நாட்களில்தான் ஐயா, அது இறங்கிக் கிடக்கிறது.

எங்கள் பெரியப்பாவுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார், தெருமுனை டீக்கடை வரை நடந்தார், வீட்டுக்கு வந்தவர்களிடம் 68 வயதில் ஜுரத்தை ஜெயித்த கதையைச் சொன்னார். இன்னும் இரண்டு வாரம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே கிளம்ப வேண்டும் என்று சொன்ன என்னைப் பார்த்து, "புஸ்தகத்தைப் படிச்சிட்டு ஊரைப் பயமுறுத்தாதே" என்றார்கள். எட்டாம் நாள் இரவு குளிர் தூக்கிப் போட்டது. காலையில் அவர் துப்பிய சளி துருவேறிய இரும்பின் நிறத்தில் இருந்தது. துரு நிறச் சளி நிமோகாக்கஸ் நிமோனியாவின் அடையாளம் என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய அந்த வரியை, பெரியம்மா கையில் பிடித்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் பார்த்தேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள்.

இதை இதுவரை எழுதியதில்லை, எழுதவும் நினைக்கவில்லை. ஒரு வைரஸைப் பற்றிப் பேச வந்து குடும்பக் கதையைக் கொட்டுகிறேன் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். 'நாலு நாள் படுத்து எழுந்தால்' என்று இவர்கள் சொல்லும்போது எழுந்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள். ஐந்தாம் நாள் எழுந்த பெரியப்பா எந்தக் கணக்கில் வருவார்?

எனக்கு ஏஜென்ட் பட்டம் கொடுத்தவர் யாரோ முகம் தெரியாதவர் இல்லை. அன்றைக்கு "அதான் எழுந்து நடமாடுறாரே, அப்புறம் என்ன?" என்று என் வாயை அடைத்தவர். பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவரை நான் இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.