மூன்றாவது சிப்பாய்க்கும் ஒரு வசனம்

ஆண்டு விழா நெருங்கினாலே எனக்குக் கடுப்பு வந்துவிடும். தமிழாசிரியர் என்பதால் பள்ளியில் நாடகம் போடும் வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழும். பிள்ளைகள் மேல் கோபமில்லை, கையில் கிடைக்கிற நாடகங்கள் மேல்தான். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறவர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற ஓரங்க நாடகம் தேடிப் பாருங்கள். ஒன்று "மன்னா, தங்கள் ஆணை என் பாக்கியம்" வகையறா, இல்லையென்றால் கொசு வேஷத்தில் வந்து குதித்துவிட்டுக் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று சுற்றுப்புறத் தூய்மை பேசுகிற வகையறா. மீசை அரும்புகிற பையனைக் கொசுவாக்கினால் அவன் கூச்சத்தில் நெளியாமல் என்ன செய்வான்?

இதில் வசனம் நாலு பேருக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் மரம், சிப்பாய், ஊர்மக்கள்.

போன வருடம் பொறுக்க முடியாமல் நானே ஒன்று எழுதினேன். நடுவழியில் பிரேக் டவுன் ஆகி நிற்கிற டவுன் பஸ், உள்ளே பத்துப் பேர், அவ்வளவுதான் கதை. முதல் மூன்று நாள் நடிப்பே கிடையாது, வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஜெராக்ஸை வைத்து வாசிப்பு மட்டும், தினமும் ஆளை மாற்றி மாற்றி. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தையே வெறித்துக்கொண்டு நிற்கும் ஒரு பையனுக்கு இரண்டாம் நாள் கண்டக்டர் பாகம் வந்தது. "தயவுசெய்து சரியான சில்லறை தாருங்கள்" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்தான், ஒரு நொடி யோசித்தான், "ஆளாளுக்கு ஐந்நூறை நீட்டினா நான் என்ன நோட்டா அடிக்கிறேன்?" என்றான். மரத்தடியே சிரித்தது. என் வரியை அடித்துவிட்டு அவன் வரியை எழுதிக்கொண்டேன்.

பெஞ்சு நாலு போட்டு எல்லோரும் உட்கார்ந்தே நடித்ததில் இன்னொரு லாபம்: மைக்கை நோக்கி ஓடும் வழக்கமான தள்ளுமுள்ளு இல்லை.

நடிக்கப் போகிற ஆளை மனதில் வைத்து எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. பின்னாளில் பெரிய மேடை நடிகரான டி.கே. சண்முகம் சிறுவனாக இருந்தபோது, அவருக்காகவே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பார்கள். (சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட பாடு தனிக்கதை, அதைக் கொண்டாடச் சொல்லவில்லை.) லண்டன் நேஷனல் தியேட்டர் 1995 முதல் 'கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது, 13 முதல் 19 வயதுக்காரர்கள் நடிப்பதற்கென்றே தொழில்முறை நாடக ஆசிரியர்களிடம் புது நாடகம் எழுதி வாங்குகிறார்கள். இங்கே தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, மேடை இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது, நாடகப் பிரதிக்குத்தான் பஞ்சம். நம் எழுத்தாளர்கள் இந்த வயதுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, குழந்தைகளுக்கு எழுதுவார்கள், அப்புறம் நேராகப் பெரியவர்களுக்குப் போய்விடுவார்கள்.

நாடகம் முடிந்ததும் விருந்தினர் ஒருவர் மேடையிலேயே கேட்டார், "சரி, இதில் என்ன கருத்து சொல்ல வருகிறீர்கள்?" நான் விழித்தேன். நம்ம கண்டக்டர் சொன்னான், "பஸ்ஸு ரிப்பேருங்க சார்."

எழுதத் தெரிந்த நண்பர்களே, பத்து நிமிடம், பத்துப் பேர், எல்லோருக்கும் வசனம், பெஞ்சு நாலு. எழுதி அனுப்புங்கள், ஜெராக்ஸ் செலவு என்னுடையது.