பேரு கேக்கல, ஆனா ஆளு தெரியுது

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் எங்க ஊரு வாட்சப் குரூப்ல போன மாசம் ஒரு கூகுள் பார்ம் வந்துச்சு. 2017 ஓகி புயல்ல பாதிச்ச குடும்பங்களுக்க மனநிலை பத்தி பிஜி படிக்கிய ஒரு பிள்ளைக்க புராஜெக்ட். 'பேர் கேட்க மாட்டோம், முழு ரகசியம்'னு மேலயே போட்டிருந்தாவ. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்தான் வாசிச்சு காட்டி டைப் பண்ணி குடுத்தேன், அப்பவே அந்த ரகசியம் பாதி போச்சு, அதுல எனக்கும் பங்கு உண்டு.

பேரு கேக்கல சரி. ஊரு, வயசு, தொழிலு, எத்தன பிள்ளைய, 2017ல வீட்டுல யாரு போனாவ, மகளிர் குழுவுல பொறுப்பு உண்டா, இவ்வளவும் கேட்டாச்சு, இனி பேரு எதுக்கு? லதான்யா ஸ்வீனினு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2000லயே கணக்கு போட்டு சொன்னாங்க, ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி), பொறந்த தேதி, ஆணா பொண்ணா, இந்த மூணும் இருந்தா அந்த நாட்டுல 87 சதவீதம் பேர தனியா அடையாளம் கண்டுரலாம்னு. அம்மாம்பெரிய நாட்டுக்கே அப்பிடின்னா, பள்ளி மணி அடிச்சா கடைசி வீடு வர கேக்குற எங்க ஊருக்கு?

இதோட நிக்கல. சப்மிட் அடிச்சதும் கீழ 'முந்தைய பதில்களைப் பார்க்கவும்'னு ஒரு லிங்க். சும்மா தொட்டேன். எல்லாருக்க பதிலும் வரிசையா கெடக்கு! செட்டிங்ஸ்ல ஒரு பட்டன ஆன் பண்ணி விட்டிருக்காவ. அதுல நாங்க இப்ப அடிச்ச வரியும் இருக்கு, 'உறங்க மாத்திரை போடுகேன், மூத்தவனுக்குத் தெரியாது'. மூத்தவனும் அதே குரூப்லதான் இருக்கான்.

ஒடனே அந்த பிள்ளைக்கு போன் போட்டேன், பதறிப்போய் அப்பவே ஆஃப் பண்ணிட்டா, பாவம் அவள குத்தம் சொல்ல மாட்டேன். ஆய்வு நெறிப்படி இருக்கான்னு பாக்குற எதிக்ஸ் கமிட்டிக்கு இது போச்சான்னு கேட்டா, 'ரத்தம் எடுக்கலல்லா, வெறும் பார்ம்தானே'ன்னு கைடு சொல்லிட்டாராம். ஐசிஎம்ஆரோட, அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட, 2017 நெறிமுறையில ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட சமூக, மனநல ஆய்வுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு சார். கமிட்டியில டாக்டர், வக்கீல் மட்டும் போதாது, சாதாரண ஆளு ஒருத்தரும் வேணும்னு அதுலயே சொல்லியிருக்கு. அந்த சாதாரண ஆளு கடப்பொறத்துல இருந்து ஒரு மீன் யாவாரி அம்மாவா இருந்திருந்தா பார்ம பாத்த ஒடனே சொல்லியிருப்பாவ, எம்மோ இது எங்க தெருவுல இன்னாருல்லான்னு. வயச '40 டு 50'ன்னு வச்சா போதும், ஊருக்குப் பதிலா தாலுகா கேட்டா போதும், பெரிய செலவு ஒண்ணும் இல்ல. சம்மதம் கேக்குற பக்கம் முழுக்க இங்கிலீஷ், அத பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.

இன்னொண்ணு. எப்ப வேணும்னாலும் வெலகிக்கலாம்னு பார்ம்ல இருந்துச்சு. அக்கா கேட்டாவ, 'மோளே, நான் சொன்னத எடுத்துரச் சொல்லு'ன்னு. கேட்டேன். 'பேர் வாங்கலியேக்கா, எது அவங்க பதில்னு எனக்கு எப்பிடி தெரியும்'னா அந்த பிள்ள.

ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்த அக்கா சொன்னாவ, 'ஓகியில ஆளு போனவ, மீன் விக்கியவ, குழுத் தலைவி, இப்பிடி போட்டு தேடச் சொல்லு. நான் ஒருத்திதான் வருவேன்.'