ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குப் பிரித்தானிய உச்சரிப்புத் தேவையில்லை

வணக்கம் அண்ணா. பிரித்தானியரைப் போல உச்சரிக்காவிட்டால் ஐஈஎல்டிஎஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் புள்ளி குறையும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதி இல்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம எடைதான். உச்சரிப்பிலும் முக்கியமாகப் பார்ப்பது, பேசுவது கேட்பவருக்கு விளங்குகிறதா என்பதையே. ஆக உயர்ந்த 9ஆம் நிலைக்குக்கூட, பேச்சில் ஊர்ச் சாயல் இருக்கலாம். அது விளங்குவதைப் பாதிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

திருகோணமலையில் நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகளே இந்தப் பயத்தில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் தேர்வில் அந்தத் தயக்கம் சரளத்துக்கான புள்ளியைத்தான் பாதிக்கும். ஐஈஎல்டிஎஸ் இணையத்தளத்தில் பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டு அட்டவணை இலவசமாகவே இருக்கிறது. அதில் உச்சரிப்புக்கான நிரலை மட்டும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள் அண்ணா.