வாடகைக்கு ஒரு வருஷம் இருங்கள் என்றால் அது வயிற்றெரிச்சலா?

அந்த வீடியோவைப் பற்றித்தான். எது என்று கேட்காதீர்கள், நேற்றிலிருந்து நீங்களே ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஓசூர் பக்கத்துத் தளி ரோட்டில் பனி, கையில் காபி டம்ளர், "மாசம் முப்பதாயிரம் இருந்தா ராஜா மாதிரி வாழலாம், பெங்களூரை விட்டுட்டு வந்துடுங்க" என்று, இங்கே குடிவந்த ஒரு ஆணும் பெண்ணும் பேசுகிற அதே வீடியோ. அதன் கீழே நான் போட்டது இவ்வளவுதான்: "நல்லா இருக்கு. ஆனா நிலம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க. முக்கியமா ஏப்ரல், மே." அதற்கு வந்த பதில், "ஊர்லயும் நெகட்டிவ் ஆளுங்க இருக்காங்க", பக்கத்தில் ஒரு இதயம். அதைக் கமெண்டுகளுக்கு மேலே 'பின்' (pin) செய்தும் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு. ஒரு தம்பி "அங்கிள், வயித்தெரிச்சலா?" என்கிறார்.

சரி, எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எரிவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? நான் தேன்கனிக்கோட்டையில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் புரோக்கருக்கு அடுத்தபடியாகப் பார்க்கிற முகம் என்னுடையது. எல்லாரும் வாங்க, வாங்க என்று நானும் ஒரு வீடியோ போட்டால் லாபம் எனக்குத்தான். போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார், அதைத் தாங்குகிற 'காலம்' (column) பைப், பேனல் போர்டு, கேபிள், அப்புறம் லோ வோல்டேஜில் காயில் எரிந்தால் ரீவைண்டிங். என் பிழைப்பையே கெடுத்துக்கொண்டு "பொறுத்து வாங்குங்க" என்று சொல்கிறவனுக்குப் பெயர் வயிற்றெரிச்சல்காரன். நல்லது.

ஏன் ஏப்ரல், மே என்று சொன்னேன்? புரோக்கர் உங்களை நிலம் பார்க்கக் கூட்டி வருவது பெரும்பாலும் மழை பெய்து முடிந்த பிறகு. ராகி பச்சையாக நிற்கும், கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும், காற்று ஜில்லென்று அடிக்கும். வெள்ளைக்காரன் தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பேர் வைத்தது சும்மா இல்லை என்று நீங்களும் மயங்கிவிடுவீர்கள். நானும் மயங்கியவன்தான், பிறந்ததிலிருந்து. ஆனால் எங்கள் மாவட்டத்துக் கிரானைட் கப்பலேறிப் போகிறது என்று பெருமைப்படுகிறோமே, அதே கல்தான் உங்கள் நிலத்துக்கு அடியிலும் இருக்கிறது. கெட்டிப் பாறை. அதில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வந்து ஆயிரம் அடி இறக்கியும் வெறும் மாவாகப் பறந்த இடங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு இஞ்ச் தண்ணீர் ஓடும், இந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் காசு வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார். வீடியோ போட்டவர்களின் போர் எத்தனை அடி போனது, எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

தண்ணீர் வந்துவிட்டது என்றே வையுங்கள். அது குடிக்கிற தண்ணீரா? வீடியோவில் அந்தப் பெண் "போர் தண்ணி அப்படியே மினரல் வாட்டர்" என்கிறார். மினரல் இருக்கிறதம்மா, அதுதான் பிரச்சினையே. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு, தாண்டின ஊர்கள் நிறைய. குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், பல வருஷம் குடித்தவர்களுக்கு மூட்டும் எலும்பும் போகும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். ஜப்பானில் கடன் வாங்கி, 1,900 கோடிக்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்களே, அது எங்கள் பல்லைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான். உங்கள் பண்ணை வீடு இருக்கிற இடத்துக்கு அந்தக் குழாய் வருகிறதா என்று யாராவது கேட்டீர்களா? தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கப் பெரிய செலவில்லை. வாடகைக்கு இருக்கும்போதே இதையெல்லாம் செய்யலாம். அதைத்தான் சொன்னேன்.

கரண்ட் விஷயமும் அப்படியே. "கிணத்துக்கு ஃப்ரீ சர்வீஸ் இருக்கு சார், வீட்டுக்கும் அதுலயே இழுத்துக்கலாம்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். விவசாய இணைப்பில் வீட்டுக்கு ஏசி ஓட்டினால் அபராதம். வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்க வேண்டும், கம்பம் தள்ளி இருந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்.

நிலப் பத்திரம் பற்றி நான் பேசினால் இந்தப் பதிவு முடியாது. கர்நாடகாவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கட்டுப்பாடு இருந்தது, 2020-ல்தான் தளர்த்தினார்கள். இங்கே தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை எப்போதும் கிடையாது. பெங்களூர்க்காரர்கள் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டி வந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஏக்கராவைக் கால் ஏக்கர், பத்து சென்ட் என்று கூறு போட்டுப் 'பண்ணை நிலம்' என்று விற்கிறார்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இருக்கும், விற்கக் கட்டுப்பாடு உள்ள கண்டிஷன் பட்டா இருக்கும், பாதையே இல்லாத துண்டு இருக்கும். வில்லங்கம் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது, பழைய ஆவணங்களைத் தாலுக்கா ஆபீசில் பாருங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

அஞ்செட்டி ரோட்டுப் பக்கம் ஒரு சார் இருந்தார். பேங்க்கில் ரிட்டயர்டு ஆனவர், நல்ல மனிதர், என் கடைக்கு வந்தால் மோட்டாரை விட்டுவிட்டு உலகத்தையே பேசுவார். ஒருநாள் ராத்திரி அவருக்கு நெஞ்சுவலி. அவர் வீட்டு அம்மா 108-க்குப் போன் போட்டால், அட்ரஸ் என்ன சொல்வது? புளியமரம் தாண்டி மூன்றாவது மண் ரோடு என்றா? வீட்டுக்குள் டவர் கிடையாது, மாடிப்படியில் நின்றால்தான் பேச முடியும். கடைசியில் எனக்குப் போன் போட்டார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பைக்கில் போய் மெயின் ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்டினேன். இங்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து ஓசூருக்கு அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டார். பிள்ளைகள் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் இன்னும் விற்கவில்லை. அந்த அம்மா இப்போதும் போன் செய்து, மழை பெய்ததா தம்பி என்று கேட்பார். அவர்கள் முதலில் ஊருக்குள்ளே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்திருந்தால் இந்த ஊரிலேயே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஊர் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இடம்தான் தப்பு.

யானையைப் பற்றி வீடியோவில் "லக் இருந்தா பார்க்கலாம்" என்று வருகிறது. ராகி முற்றுகிற காலத்தில் கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டமாக இறங்கும். பரணில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிறவனைக் கேளுங்கள், லக் என்றால் என்னவென்று சொல்வான். புதிதாக வந்த ஒருவர் என்னிடமே வந்து, "வேலிக்கு ஒரு லைன் கொடுத்துடுங்க, நைட்டு மட்டும் ஆன் பண்ணிக்கிறேன்" என்றார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானை செத்தது அவருக்குத் தெரியாது. கடையை விட்டு வெளியே போகச் சொன்னேன். நெகட்டிவ் ஆள்தான் நான்.

"அப்போ யாரும் ஊருக்கு வரக்கூடாதா?" என்று கேட்பீர்கள். எங்கே சொன்னேன்? வாடகைக்கு இருந்து பார் என்றால் வராதே என்று எந்த அகராதியில் போட்டிருக்கிறது? வந்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. பெரிய தெருவில் ஒரு டீச்சரம்மா வாடகைக்கு வந்து, தெலுங்கும் கன்னடமும் காய்கறிக் கடையிலேயே கற்றுக்கொண்டு, இப்போது எங்களுக்கே ராகிக் களியின் பதம் சொல்கிறார். வீடியோ போடவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது.

"வெளியிலிருந்து வந்தவங்களால ஊருக்கு வருமானம்" என்று இன்னொருவர். வருமானம் வருகிறது, மறுக்கவில்லை. என் தங்கை மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் சொந்த ஊரில் மூன்று சென்ட் இடம் வாங்க வேண்டும் என்று அலைகிறான். போகிற இடமெல்லாம் "பெங்களூர் பார்ட்டி இந்த ரேட் கொடுக்குது, உனக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்கிறார்கள். அவன் பிறந்த தெருவில். இந்த வருமானத்தை அவனிடம் யார் விளக்குவது என்று தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு வலித்தது அந்த நெகட்டிவ் என்ற வார்த்தைகூட இல்லை. வீடியோவின் நடுவில் கேமராவைச் சுற்றிக் காட்டிவிட்டு, "பாருங்க, யாருமே இல்ல, அப்படியே நமக்கு மட்டும்" என்கிறார் வீடியோ போட்டவர். பின்னால் தெரிகிற ராகிக் காடு என் சித்தியுடையது. அதில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பதும் சித்திதான், கூட இரண்டு பேர். யாருமே இல்லையாம். நான் சின்ன வயதில் பெங்களூர் பீன்யாவில் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தேன், ஒரு ரூமில் ஆறு பேர். அங்கே போய் நின்றுகொண்டு "யாருமே இல்லாத ஊர்" என்று நான் சொல்லியிருந்தால் உதைத்திருப்பார்கள். கன்னடம் பேசு என்றார்கள், கற்றுக்கொண்டேன். வாடகையை முதல் தேதியில் கொடு என்றார்கள், கொடுத்தேன். நாங்கள் உங்கள் ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் கேட்டுத்தான் வந்தோம். நீங்கள் எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு வார்த்தை சொன்னால் அது நெகட்டிவ்.

இதற்கும் கமெண்டில் வருவீர்கள், வாருங்கள். பிளாக் செய்வதென்றாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் வீடியோ போட்ட தம்பிக்கு ஒன்று: போன வாரம் நீங்கள் கேட்ட மோட்டார் கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டீர்கள், பதில் இல்லை. இந்த மாசத்துக்குள் சொல்லிவிடுங்கள். பைப் விலை ஏறப்போவதாகக் கம்பெனிக்காரர் சொல்கிறார், உங்கள் போரின் ஆழத்துக்கு அது சின்னத் தொகையாக இருக்காது.