மோதிரம் மாட்டிய சுருட்டு

2021 கார்த்திகையில் ஒரு பெட்டி வாங்கினேன். ஐந்து சுருட்டு, 6,800 ரூபாய். திறந்ததும் வார்னிஷ் வாசம்தான் தூக்கியது. உள்ளே பட்டுத்துணி, வரிசை எண் போட்ட அட்டை, வழவழப்பான கையேடு. ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் தங்க நிறத்தில் இரண்டிரண்டு காகித மோதிரம். கையேட்டை மூன்று தடவை வாசித்தேன். மலை இருந்தது, மூடுபனி இருந்தது, நான்கு தலைமுறைக் கைப்பக்குவம் இருந்தது. எந்த ஊர் இலை, எந்த வருஷம் சுற்றியது, இந்த இரண்டை மட்டும் காணோம்.

நான் பாம்பன்காரன். எங்கள் வீட்டுக்குச் சுருட்டு புதுசில்லை. தாத்தா, 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் சுமை தூக்கியவர். தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்தால் யாழ்ப்பாணச் சுருட்டும் வரும். அதில் ஒரு கட்டு எப்படியும் அவர் மடிக்கு வந்து சேர்ந்துவிடும். புயல் ஊரையே கொண்டுபோன பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் அதுவும் நின்றது. அப்புறம் திருச்சிச் சுருட்டுக்கும் திண்டுக்கல் சுருட்டுக்கும் மாறிக்கொண்டார். எதுவானாலும் நூலால் கட்டிய கட்டுதான்.

அவர் வாங்கும் விதத்தைக் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டிலிருந்து ஒன்றை உருவி, அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போவார். நடுவில் பள்ளம் தட்டினால் உள்ளே இலை குறைவு. கல்லாட்டம் இருந்தால் இழுக்காது. அடுத்தது மூக்கு. பச்சை வாசம் அடித்தால், "இன்னும் ஆறலையேப்பா, அடுத்த வாரம் வாரேன்" என்று எழுந்துவிடுவார். "இருங்கண்ணே, உள்ள வேற கட்டு கெடக்கு" என்று கடைக்காரர் போய் எடுத்து வருவார். வாங்கினதைப் பனையோலைக் கொட்டானில் போட்டு அடுப்படிக்குத் தள்ளி உறியில் தொங்கவிடுவார். காசு கொடுக்கிறவன் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்றும் சொல்லலாம். அவருக்கு இருந்த அந்த உரிமை எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடித்தாளில் சுற்றி, முத்திரை ஒட்டி, பெட்டிக்குள் பெட்டி வைத்து வந்ததை நான் எங்கே அமுக்கிப் பார்ப்பது?

சரக்குக் கப்பலில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். துறைமுகம் துறைமுகமாகப் பார்த்ததில் இந்த வியாபாரத்தின் வார்த்தைகள் கொஞ்சம் பிடிபட்டன. பெட்டியில் 'எச்சோ அ மானோ' என்று ஸ்பானிய மொழியில் இருக்கும். கையால் செய்தது என்று பொருள். படித்ததும் ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து இலை இலையாக அடுக்கிச் சுற்றுவதுதான் மனசில் வரும். ஆனால் உள்கட்டை மிஷினில் சுருட்டிவிட்டு மேலிலையை மட்டும் கையால் சுற்றினாலும் இந்த வார்த்தையைப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. முழுக்க முழுக்கக் கைவேலை என்றால் 'தோதால்மென்தே அ மானோ' என்று இருக்க வேண்டும். கியூபாப் பெட்டிகளில் 1989 முதல் இதைப் போடுகிறார்கள். பெட்டியின் அடியில் எந்த மாதம், எந்த வருஷம் அடைத்தது என்ற முத்திரையும் இருக்கும். அதைப் பார்த்தபோது மரியாதை வந்தது. தேதி போடுகிறவனிடம் நாளைக்குப் போய்க் கேள்வி கேட்கலாம்.

'கியூபா விதை' என்பது இன்னொன்று. விதை அங்கிருந்து வந்திருக்கலாம், இலை விளைந்தது நிகராகுவாவிலோ டொமினிக்கன் குடியரசிலோ. நிகராகுவா இலையில் ஒரு குறையும் இல்லை; நல்ல இலை, காரமான இலை. அதை அதன் பெயரிலேயே விற்றால் என்ன? பெயர்க் குழப்பம் 1960-ல் கியூபா அரசு சுருட்டு ஆலைகளைக் கையில் எடுத்ததிலிருந்து இருக்கிறது. ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பெயரையும் கூடவே கொண்டுபோயின. 1962-ல் அமெரிக்கா கியூபாச் சரக்குக்குத் தடை போட்டது. இன்றைக்கு மான்டிகிறிஸ்டோ என்ற பெயரில் கியூபாவிலும் சுருட்டு வருகிறது, டொமினிக்கன் குடியரசிலும் வருகிறது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு இலை. ராமநாதபுரத்தில் உட்கார்ந்து போனில் படம் பார்த்து வாங்குகிறவனுக்கு இதை யார் சொல்வது?

சுருட்டும் கையுமாக இருந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் படத்தைப் போடாத விளம்பரமும் இல்லை. திருச்சிச் சுருட்டு விற்கிறவரும் போடுகிறார், வெளிநாட்டுச் சுருட்டு விற்கிறவரும் போடுகிறார். 'சர்ச்சில்' என்பது ஏழு அங்குல நீளச் சுருட்டுக்கு வைத்த அளவுப் பெயரும்கூட. அதையே அவர் பிடித்த சுருட்டு என்று வாங்குகிறவன் நினைத்துக்கொண்டால் யாரும் திருத்துவதில்லை. 'லிமிடெட் எடிஷன்' பற்றி நீட்ட வேண்டாம். வருஷா வருஷம் வருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

என் பெட்டிக்கு வருகிறேன். இரண்டு சுருட்டு நன்றாகத்தான் எரிந்தன. மீதியை மூடி வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் மேலிலையில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள், பட்டுத்துணியில் பழுப்புத் தூள். புகையிலை வண்டு. இலையிலேயே முட்டை இருந்து, வெக்கை கண்டால் பொரித்துவிடும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் அனுப்பும் முன் சரக்கைக் கடுங்குளிரில் வைத்து முட்டையைச் சாகடிக்கின்றன. கடைக்குப் போன் செய்தேன். "சார், கடலோரம் ஈரம் ஜாஸ்தி, நீங்க ஹியூமிடர் வாங்கியிருக்கணும்" என்று, சுருட்டின் ஈரத்தைச் சீராக வைக்கும் 14,000 ரூபாய்ப் பெட்டி ஒன்றின் படத்தை அனுப்பினார்கள். எங்கள் ஊரில் வாடைக் காலத்தில் சுவரே வியர்க்கும், பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஓட்டை ஈரம் போட்டதில்லை, வண்டு போட்டது. சரக்கை ஒழுங்காகக் குளிரவைத்து அனுப்பினீர்களா என்று கேட்டேன். "இது இயற்கையான பொருள் சார், கெமிக்கல் எதுவும் கிடையாது, அதான் பூச்சி வருது" என்றார்கள்.

இந்த 'இயற்கை', 'கெமிக்கல் இல்லை' என்ற வார்த்தைகளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பணம் போனதை மறந்துவிட்டேன்.

என் மச்சான், மனைவியின் தம்பி, விசைப்படகில் போகிறவன். பதினெட்டு வருஷம் சிகரெட். 2021 கிறிஸ்துமஸுக்கு விட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தான். அந்த நேரத்தில்தான் என் பெட்டி வந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தை அவன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான்: பேப்பர் இல்லை, கெமிக்கல் இல்லை, இயற்கையாகப் பதப்படுத்திய முழு இலை. "அத்தான், இது சிகரெட்டு மாதிரி இல்லபோல" என்றான். நானும் தலையாட்டினேன். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று எனக்குத் தெரிந்த அரைகுறையைச் சொன்னேன். சிகரெட்டை விட்டான், சுருட்டைப் பிடித்தான். மலிவான மிஷின் சுருட்டு, நாளைக்கு இரண்டு. சிகரெட் பிடித்துப் பழகிய நெஞ்சு, இழுக்காமல் இருக்குமா?

சென்ற வருஷம் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். ராமநாதபுரத்தில் காட்டினோம், மதுரைக்கு அனுப்பினார்கள். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது 'ர' அவனுக்கு வராது. சுருட்டால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷச் சிகரெட் இருக்கிறது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் விட வேண்டும் என்று ஒருவன் வாசலில் நின்ற நேரத்தில், இன்னொரு கதவைத் திறந்து உள்ளே இழுத்தது அந்த வார்த்தை. அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

டாக்டர் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு சிகரெட்டில் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை. ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவு ஒற்றைச் சுருட்டிலேயே இருக்கலாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ஏறும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. எந்த 'இயற்கைப் பதப்படுத்தல்' என்று பெருமை பேசினார்களோ, அந்தப் புளிக்கவைக்கும் வேலையில்தான் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளும் கூடுகிறது. கையேட்டுக்காரர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? எந்த ஊர் இலை என்பதை மறைத்த அதே கைதான் இதையும் மறைத்தது.

புகையிலைக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் வேண்டும். என் பெட்டியில் அந்தப் படம் வெளி உறையில் இருந்தது. உறையைக் கழற்றினால் தேக்கு நிறப் பெட்டி பளபளவென்று, ஒரு எழுத்து எச்சரிக்கை கிடையாது. பெட்டியைத்தான் ஷெல்ஃபில் வைக்கிறோம், உறை குப்பைக்குப் போகிறது.

மச்சானின் ஆபரேஷன் அன்றிலிருந்து நான் தொடவில்லை. ஆனால் கடையின் லிஸ்டில் என் நம்பர் இன்னும் இருக்கிறது. போன வாரம் ஒரு மெசேஜ்: புது வரவு, 'சிகரெட்டிலிருந்து மாறுகிறவர்களுக்கு மென்மையான தேர்வு', மூன்று பெட்டி எடுத்தால் லைட்டர் இலவசம். எந்த நாட்டு இலை, எந்த வருஷம் சுற்றியது, சிகரெட்டிலிருந்து மாறச் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வரும் வழியில் மச்சானிடம் அந்த மெசேஜைக் காட்டினேன். நின்று வாசித்தான். அழித்துவிடச் சொல்லிக் கையால் சைகை காட்டினான். அழிக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழைய கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். இதே மாதிரி மெசேஜ் உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்.